லடாக் ரோடு ட்ரிப் பிளான் பண்றீங்களா? எந்த வழியா ஏறணும், எங்கே தூங்கணும்?

லடாக் போகணும்னு முடிவு பண்ணியதும் பலரும் முதலில் பார்ப்பது கூகுள் மேப். மணாலியில் இருந்து லே, ஸ்ரீநகரில் இருந்து லே, இரண்டுமே 400 கி.மீட்டருக்குச் சற்று அதிகம். 'ரெண்டு நாள்ல போயிடலாம்'னு கணக்குப் போட்டுக் கிளம்பிடுறாங்க. அந்த மேப்பில் தெரியாத விஷயம், உயரம்.

நம்ம ஊட்டி தொட்டபெட்டா சிகரமே சுமார் 8,650 அடிதான். லே நகரம் இருப்பதோ 11,500 அடியில். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவு. உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும். ஜிம் போறவர், போகாதவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது.

எந்த வழி நல்லது?

போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி. முதல்முறை போறவங்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

ஸ்ரீநகர் சுமார் 5,200 அடி. முதல் ராத்திரி சோனமார்க் அல்லது கார்கிலில் தங்கலாம், இரண்டும் ஏறத்தாழ 9,000 அடி. அடுத்து லே. படிப்படியா ஏறுறோம்.

மணாலி வழியில், 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் ரோத்தங் கணவாயைச் சுற்றிப் போகும் வேலையை மிச்சப்படுத்துது. ஆனா சீக்கிரம் போக முடிவதே சிக்கல். மறுநாளே 16,000 அடி பாராலாச்சா கணவாயைத் தாண்டி, 14,000 அடியில் இருக்கும் சர்ச்சு டென்ட்டில் படுத்து, ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தியோடு தவிப்பவர்கள் நிறைய.

எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு

உயரமான கணவாயை ஏறி இறங்குவதைவிட, உயரத்தில் தூங்குவதில்தான் ஆபத்து அதிகம். சுமார் 10,000 அடிக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலையேற்ற மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. அதனால் லே வந்ததும் இரண்டு நாள் சும்மா இருங்க. விமானத்தில் நேரா இறங்குறவங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அடுத்து நேரா பாங்காங் ஏரிக்கு ஓடாதீங்க. அது கிட்டத்தட்ட 14,000 அடி. நுப்ரா பள்ளத்தாக்கு லேயைவிடத் தாழ்வு, அதனால் முதலில் அங்கே. வழியில் வரும் கர்துங் லா 17,582 அடி. போட்டோ எடுத்தோமா, பத்து நிமிஷத்தில் இறங்கினோமான்னு இருக்கணும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது வந்துட்டா, விடியட்டும்னு காத்திருக்காம உடனே கீழே இறக்கணும். மது, தூக்க மாத்திரை வேண்டாம். அசிட்டசோலமைடு மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும்.

எல்லைப் பகுதியில் என்ன கவனிக்கணும்?

கார்கில், திராஸ் பகுதியில் கட்டுப்பாட்டுக் கோடு சாலைக்கு ரொம்பப் பக்கம். 1999 போரில் மீட்கப்பட்ட தோலோலிங் மலை, திராஸ் போர் நினைவகத்தில் நின்றாலே தெரியும். சுமார் 134 கி.மீ. நீள பாங்காங் ஏரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இந்தியா பக்கம். அதே கிழக்கு லடாக்கின் கல்வானில்தான் 2020 ஜூனில் 20 வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர்.

அதனால் ராணுவ முகாம், செக்போஸ்ட், பாலங்களைப் படம் எடுப்பது, இஷ்டத்துக்கு டிரோன் பறக்கவிடுவது எல்லாம் வம்பு. நுப்ரா, பாங்காங், ஹன்லே போக லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து கட்டணம் கட்டணும். விதிகள் மாறிட்டே இருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை பாருங்க. ஆதாரோடு நாலைந்து பிரிண்ட் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான்.

மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கை லேயைத் தாண்டி ஓட்ட உள்ளூர் வாடகை பைக் சங்கத்தினர் விடுவதில்லை. சொந்த வண்டிக்குப் பிரச்சினை இல்லை. ரயிலில் அனுப்பினால் பெட்ரோலை முழுசா எடுத்துடணும்.

எப்போ போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜூலை, ஆகஸ்ட்டில் இமாச்சல் பக்கம் மழை, மண்சரிவு. பனி உருகுவதால் சாலையைக் குறுக்கிடும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறிடும், காலையிலேயே தாண்டிடுங்க. செப்டம்பரில் இந்தத் தொல்லை குறைவு, ராத்திரிக் குளிர் மட்டும் கூடுதல்.

திரும்பும்போது லே பக்கத்திலேயே டேங்கை நிரப்பிக்கோங்க. எதிர்முனையில் இருக்கும் தாண்டி பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எழுதிய போர்டு ரைடர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம்.