தூரமானிக் காமிரா

பொருளுக்கும் காமிராவுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒளியின் துணைகொண்டு அளந்தறியும் சிறு சாதனம் ஒன்றைத் தன்னுள்ளே அமைத்துக்கொண்டு, அவ்வளவின்படியே லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பிம்பத்தைத் தெளிவாக்கும் காமிராவுக்குத் தூரமானிக் காமிரா என்று பெயர். ரேஞ்ச்ஃபைண்டர் என்ற சொல்லே படக்காரர்களிடையிலும் வியாபாரிகளிடையிலும் பெருவழக்காக உள்ளது. இவ்வகைக் காமிராவில் கண் காண்பது லென்ஸ் காணும் காட்சியை அன்று. லென்ஸுக்கு மேலே சற்று ஒதுங்கித் தனியே அமைந்த ஒரு சாளரத்தின் வழியே அது உலகத்தை நேராகவே காண்கிறது. இதன் சிறப்புகளும் தோஷங்களும் யாவும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறப்பனவாதலால், பழைய தூரமானி ஒன்றை விலைக்கு வாங்க எண்ணுபவரும், வாங்கியதைக் கையாளப் பழகுபவரும் இதனை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

அமைப்பு: மூக்கின் அருகே ஒரு விரலை நிறுத்தி அதனையே உற்று நோக்கினால் கண்மணிகள் இரண்டும் உட்புறமாகச் சாய்வதையும், விரலை விலக்க விலக்க அச்சாய்வு குறைவதையும் யாவரும் அறிவர். தூரமானியின் தத்துவமும் அதுவே. காமிராவின் முகப்பில் சில சென்டிமீட்டர் இடைவிட்டு இரு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே வரும் ஒளி, பாதி ரசம் பூசிய கண்ணாடி ஒன்றை ஊடுருவி நேரே கண்ணை அடைகிறது. மற்றதன் வழியே வரும் ஒளி, அசையும் இயல்புடைய வேறொரு கண்ணாடியிலோ பட்டகத்திலோ பட்டுத் திரும்பி, முன் சொன்ன பாதி ரசக் கண்ணாடியின் மேல் விழுந்து, முதற் காட்சியின் நடுவே ஒரு சிறு ஒளிக்கட்டமாகப் படிகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கால் அதன் பின்விளிம்பு காமிராவினுள் உள்ள நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் கண்ணாடியை அசைக்க, இரட்டையாய்த் தெரிந்த உருவங்கள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பொருந்திய கணத்தில் தூரமும் அளந்தாயிற்று, லென்ஸும் தனக்குரிய இடத்தில் நின்றாயிற்று.

இரு சாளரங்களுக்கும் இடையேயுள்ள தூரம் அடித்தளம் எனப்படும். அது நீளமாக இருக்குமளவு அளவையும் நுட்பமாக இருக்கும். ஆயினும் சாளரம் காட்சியைச் சிறிதாக்கிக் காட்டுமாயின் அந்த நுட்பமும் அவ்வளவுக்குக் குறைந்துவிடுவதால், அடித்தளத்தைக் காட்சியின் பெருக்கத்தால் பெருக்கி வரும் தொகையையே உண்மையான பலமாகக் கொள்ள வேண்டும். 1954-இல் வெளிவந்த லைக்கா எம் 3-இன் அடித்தளம் சுமார் 68.5 மில்லிமீட்டர், பெருக்கம் ஏறக்குறைய 0.91, ஆகவே பலம் 62 மில்லிமீட்டரை ஒட்டியது. அகன்ற துவாரமுடைய லென்ஸுகளுக்கும், குவியத் தொலைவு மிகுந்த லென்ஸுகளுக்கும் இத்தகைய பலம் இன்றியமையாதது. எவ்வளவு பலமிருந்தும் 135 மில்லிமீட்டர் குவியத் தொலைவுக்கு அப்பால் தூரமானிக் காமிரா தளர்ந்துவிடுகிறது. பறவைகளையும் பந்தாட்டத்தையும் படமெடுக்க விரும்புவோர் இதனை நாடுவது வீண்.

வரலாறு: லென்ஸோடு இணைந்த தூரமானி 1916-இலேயே கொடாக் கம்பெனியின் பெரிய மடக்குக் காமிரா ஒன்றில் இடம்பெற்றுவிட்டது. எனினும் இக்கருவியின் புகழ்பெற்ற சரித்திரம் ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையிலிருந்தே தொடங்குவது. அங்கே பணியாற்றிய ஆஸ்கர் பர்நாக் என்னும் யந்திர நிபுணர், சினிமாப் பிலிமின் இரு கட்டங்களைச் சேர்த்து 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள படத்தை எடுக்கவல்ல சிறு காமிரா ஒன்றை முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னரே செய்து பார்த்தார். அதன் வழிவந்த லைக்கா 1925-இல் லைப்ஸிக் நகரச் சந்தையில் விற்பனைக்கு வந்தது. அம்முதற் காமிராவில் தூரமானி கிடையாது. தனியாக ஒன்றை வாங்கித் தலைமேற் பொருத்தி, அது காட்டும் எண்ணைப் படித்து, லென்ஸில் அவ்வெண்ணை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1932-இல் லைக்கா இரண்டாம் மாதிரி இணைந்த தூரமானியோடு வந்தது. அதே ஆண்டில் டிரெஸ்டன் நகரத்து ஸைஸ் ஐகான் நிறுவனம் கான்டாக்ஸ் என்ற போட்டிக் காமிராவை வெளியிட்டது. 1936-இல் வந்த கான்டாக்ஸ் இரண்டாம் மாதிரி, காட்சிச் சாளரத்தையும் தூரமானியையும் ஒன்றாக்கிவிட்டது. லைக்காக்காரர்களோ எம் 3 பிறக்கும்வரை, ஒரு துளையில் தூரத்தை அளந்து மறு துளையில் காட்சியை வகுக்கும் சிரமத்தைப் பதினெட்டு ஆண்டுகள் அனுபவித்தனர். யந்திர நுட்பத்தில் கான்டாக்ஸ் மேம்பட்டதாயினும், பழுது பார்ப்பதற்கு எளிதாயிருந்த காரணத்தால் லைக்காவே நிலைத்தது என்பது இக்கட்டுரையாளர் அபிப்பிராயம்.

இவ்விரு குலங்களின் கிளைகள் உலகெங்கும் பரவிய விதம் ஒரு கதைக்கே உரியது. உக்ரைனில் கார்கோவ் நகரத்தில், வீடற்றுத் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து மகரெங்கோ என்னும் கல்வியாளர் நடத்திய தொழிற்குடியிருப்பில், 1934 முதல் லைக்காவை அச்சாகப் பின்பற்றிய ஃபெட் காமிராக்கள் செய்யப்பட்டன. சோவியத் தலைவர்களுள் ஒருவரான ஜெர்ஜின்ஸ்கி என்பாரின் முழுப்பெயரின் முதலெழுத்துகளே அப்பெயர். யுத்தத்துக்குப் பின் மாஸ்கோவுக்கு அருகிலிருந்து ஸோர்க்கி என்ற காமிரா வந்தது. டிரெஸ்டனின் கான்டாக்ஸ் யந்திரங்களோ யுத்த நஷ்டஈடாக ரஷ்யர் கைக்குச் சென்று, கீவ் நகரத்து ஆர்சனல் ஆலையில் கீவ் என்ற பெயரோடு மறுபிறவி எடுத்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதே உருவில் வாழ்ந்தன. ஜப்பானில் கானன் கம்பெனி 1936-இல் தன் முதற் காமிராவை விற்றபோது அதற்கு லென்ஸ் செய்து கொடுத்தது பின்னாளில் நிக்கான் என்று பெயர் பெற்ற நிறுவனமே. அந்நிறுவனம் தான் செய்த காமிராவில், வெளித்தோற்றத்தைக் கான்டாக்ஸிடமிருந்தும் உள்ளிருக்கும் துணி ஷட்டரை லைக்காவிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. 1950-இல் டேவிட் டக்ளஸ் டங்கன் முதலிய அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர்கள் கொரியப் போரில் அந்நிறுவனத்தின் நிக்கார் லென்ஸுகளைக் கையாண்ட பின்னரே அவற்றின் தரம் மேல்நாட்டாருக்குத் தெரிய வந்தது. 1957-இல் எஸ்.பி. என்ற உயர்ந்த தூரமானியைச் செய்த அதே நிக்கான், இரண்டே ஆண்டுகளில் அதன் உடலை ஆதாரமாகக் கொண்டு, லென்ஸின் காட்சியையே கண்ணுக்குக் காட்டும் எஃப் என்ற எஸ்.எல்.ஆர். காமிராவைப் படைத்துத் தூரமானியின் யுகத்தை முடித்துவைத்தது. அதற்குப் பின் தூரமானி, 1961-இன் கானனெட், 1966-இன் யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்ற, லென்ஸ் கழற்ற இயலாத குடும்பக் காமிராக்களிலேயே பெரும்பாலும் தங்கியது. லைக்கா மட்டும் தன் எம் வரிசையை விடவில்லை. பிலிமுக்கான எம் காமிராக்களை இன்றும் செய்துவருகிறது.

வாங்குங்கால்: பெயரைக் கண்டு மயங்காமல் தூரமானியை முதலில் சோதிக்க வேண்டும். மிகத் தொலைவிலுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ நோக்கி, லென்ஸை அநந்தக் குறியில் நிறுத்தினால் இரு உருவங்களும் முற்றும் பொருந்த வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் திருத்துவது பெரும்பாலும் எளிது. மேலும் கீழுமாக விலகியிருந்தால் யாரோ அனுபவமில்லாதவர் திறந்து பார்த்திருக்கிறார் அல்லது காமிரா கீழே விழுந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். கட்டமே மங்கித் தெரியாமற் போயிருந்தால் பாதி ரசம் உதிர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குச் செலவு அதிகம். ஒரு மீட்டர் தூரத்தில் நாடாவால் அளந்து வைத்த பொருளைக் கொண்டும் சோதிக்காமல் விடலாகாது. தொலைவில் உண்மை பேசி அண்மையில் பொய் பேசும் தூரமானிகளும் உண்டு.

அடுத்தது ஷட்டர். ஒரு விநாடி, அரை விநாடி முதலிய மெதுவான வேகங்களில் முடுக்கி விட்டுக் காதால் கேட்க வேண்டும். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் நடுவழியில் திக்கி நிற்கும். துணித்திரை உடையதாயின் லென்ஸைக் கழற்றிவிட்டு, இருட்டறையில் விளக்குக்கு எதிரே பிடித்து, ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இத்துளைகளின் காரணம் விசித்திரமானது. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே நிற்கும் கண்ணாடி தூரமானிக் காமிராவில் இல்லை. ஆதலால் மூடாத லென்ஸ் சூரியனை நோக்கிக் கிடந்தால், பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்தும் சிறுவர் விளையாட்டே உள்ளே நிகழ்ந்து திரை பொசுங்கிவிடுகிறது.

லென்ஸில் நுண்ணிய தூசி இருப்பது பற்றிக் கவலை வேண்டுவதில்லை. சிலந்தி வலைபோல் படர்ந்த பூஞ்சைக்கும், விளக்கொளியில் தெரியும் பால்போன்ற மூட்டத்துக்கும் அஞ்ச வேண்டும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் லென்ஸுகளில் பூஞ்சை சகஜம். அறுபது எழுபதுகளின் ஜப்பானியக் காமிராக்களில் ஒளி புகாதிருக்க ஒட்டிய பஞ்சுப்பட்டை தார்போல் இளகியிருக்கும். அது புதிதாக ஒட்டிக்கொள்ளக் கூடியதே. மின்கலம் வேறொரு தொல்லை. பாதரச மின்கலங்கள் சுகாதார காரணங்களால் நின்றுவிட்டமையின், 1.35 வோல்ட்டுக்கு அமைந்த ஒளிமானி இக்காலத்து 1.5 வோல்ட் கலத்தோடு பிழையாகவே கணக்கிடும். கானனெட்டில் மின்கலமின்றியும் ஷட்டர் எல்லா வேகங்களிலும் ஓடும். யாஷிகா எலெக்ட்ரோவில் மின்சாரம் இல்லையேல் 1/500 விநாடி ஒன்றே மிஞ்சும். அந்த யாஷிகாவில் பிலிமை முடுக்கும்போது உள்ளே ‘டொக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். கேளாவிட்டால் உள்ளிருக்கும் ஒரு சிறு ரப்பர்த் துண்டு சிதைந்துவிட்டது, காமிராவின் கணக்கும் கெட்டுவிட்டது.

பொன்முலாமும் கழுகுச் சின்னமும் பூண்டு யுத்தகால லைக்கா என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஃபெட்டும் ஸோர்க்கியுமே. லென்ஸைக் கழற்றி உள்ளே நோக்கினால் தூரமானியின் நெம்புகோல் முனையில் லைக்காவில் சிறு சக்கரம் இருக்கும், சோவியத் காமிராவில் ஆப்புப் போன்ற கட்டை இருக்கும். முலாம் பூசுவோர் இதனை மாற்ற மெனக்கெடுவதில்லை. ஏமாற்றுவதற்குப் பயன்படுகிறது என்பதற்காக ஸோர்க்கியை இகழ்வதும் நியாயமன்று. நன்றாகச் சீர்செய்த ஸோர்க்கியும் அதனோடு வரும் ஜூபிடர்-8 லென்ஸும் முதன்முதலாகப் பழகுபவருக்குப் போதும். ஆனால் அதில் ஷட்டரை முடுக்கிய பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும். முடுக்குமுன் மாற்றினால் உட்பொறிகள் ஊறுபடலாம்.

உபயோகம்: பழைய லைக்காவிலும் அதன் வழிவந்தவற்றிலும் பின்கதவு கிடையாது; அடித்தகட்டைக் கழற்றிப் பிலிமைக் கீழிருந்து செலுத்த வேண்டும். அதற்கு முன் பிலிமின் நாக்கைச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒடுக்கமாகக் கத்தரித்துக்கொள்ளாவிட்டால் அது ஷட்டர் வழியில் சிக்கிக் கிழியும். பிலிம் உண்மையில் ஓடுகிறதா என்பதை, முடுக்கும்போது மறுபுறத்துச் சுற்றுக்குமிழ் தானே சுழல்வதைக் கொண்டு அறியலாம்.

உருவங்களைப் பொருத்துவதற்கு நெட்டுக்கோடு ஒன்று வேண்டும். கதவின் நிலை, தூண், சட்டையின் ஓரம், மூக்குக்கண்ணாடியின் சட்டம் ஆகியவை உதவும். வெள்ளைச் சுவரின்மேல் தூரமானி ஒன்றும் செய்யாது. கிடைக்கோடு மட்டுமே இருந்தால் காமிராவைச் சாய்த்துப் பொருத்திவிட்டு மீண்டும் நிமிர்த்திக்கொள்ளலாம். கண் ஓரிடத்தும் லென்ஸ் ஓரிடத்தும் இருப்பதால் அண்மையிலுள்ள பொருளைப் படமெடுக்கும்போது தலை துண்டிக்கப்படும் அபாயம் உண்டு. பெரும்பாலான பழைய காமிராக்கள் ஒரு மீட்டருக்கு இப்பால் நெருங்க விடாதது ஒருவகையில் கருணையே. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்தில் காட்சி துலக்கமாகவே தெரியும். ஒரு சுருள் முழுவதையும் மூடியோடு எடுத்து முடித்தவர், தம்மைப்போல் பிறர் இல்லை என்று எண்ணி வெட்கப்பட வேண்டுவதில்லை.

ஒளிமானி இல்லாதார், நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16-இல் நிறுத்தி, பிலிமின் வேக எண்ணையே விநாடியின் பின்னமாக வைத்துக்கொள்வது பழைய முறை: 100 வேகப் பிலிமுக்கு 1/100 அல்லது 1/125 விநாடி. நிழலில் துவாரத்தை இரண்டு மூன்று படிகள் திறந்துகொள்ளலாம். தெருவில் நடமாடுவோரைப் படமெடுப்பவர் தூரத்தை ஒவ்வொரு முறையும் அளப்பதும் இல்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8-இல் வைத்து 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் சுமார் 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை யாவும் தெளிவாக விழும். அப்போது தூரமானி வெறும் சாளரமாகிவிடுகிறது, அதுவே இதன் மிகச் சிறந்த உபயோகம் என்று சொல்பவரும் உண்டு. சாளரத்தின் சட்டத்துக்கு வெளியே நிகழ்வதும் கண்ணுக்குத் தெரிவதால், உள்ளே நுழையப்போகிறவரை முன்கூட்டியே கண்டு காத்திருக்க இயலும். படம் விழும் கணத்திலும் காட்சி மறைவதில்லை. எஸ்.எல்.ஆரைப்போல் கண்ணாடி எழும்பி அடிக்கும் ஓசையும் இல்லை.

பிரெஞ்சுப் படக்காரரான ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியும் லைக்காவையே கையாண்டதற்கு இவையே காரணம். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்து மீண்ட சிறிது நேரத்தில் கொலைச் செய்தி கேட்டு அவர் திரும்பி ஓடியதும், பின்னர் எடுத்த படங்களும் உலகறிந்தவை. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார்; ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார்; 14-ஆம் தேதி இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு, மகரிஷி சமாதியடைந்த வேளையில், வானத்தில் ஓர் ஒளி மெல்ல ஊர்ந்து அருணாசலத்தின் பின் மறைந்ததைத் தாமே கண்டதாகக் குறித்துள்ளார். நோயாளி படுத்திருந்த சந்நிதியில் இரைச்சலிடும் கருவிக்கு இடமிருந்திராது.

பிலிமுக்கு இந்நாட்டில் ஒரு காலத்தில் வெளிநாட்டை எதிர்நோக்க வேண்டாதபடி உதகமண்டலத்தில் 1960-இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்ற வியாபாரக் குறியோடு கறுப்பு வெள்ளைச் சுருள்கள் வெளிவந்தன. அவை இப்போது இல்லை. இன்று கிடைப்பவை கொடாக், இல்ஃபோர்டு முதலிய அயல்நாட்டுச் சுருள்களே. விலை மிகுதியாதலால், புதிதாக வாங்கிய பழைய காமிராவுக்கு முதற் சுருளைச் சோதனைக்கென்றே ஒதுக்கி, எந்தப் படம் எந்த வேகத்தில் எந்தத் தூரத்தில் எடுத்தது என்று குறித்து வைத்துக்கொள்வது சிக்கனமே.

காமிராவைத் தோலுறையில் இட்டு அலமாரியில் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது உலர்த்தி, மாதம் ஒருமுறையேனும் எல்லா வேகங்களிலும் ஷட்டரை ஓடவிட வேண்டும். எடுத்து வைக்குமுன் முடுக்கிய ஷட்டரை விடுவித்துவிட வேண்டும். வில் இழுபட்டபடியே நாட்கணக்கில் கிடந்தால் தளரும்.