டு த லாஸ்ட் மேன் (புதினம்)

டு த லாஸ்ட் மேன் என்பது அமெரிக்க எழுத்தாளர் சேன் கிரே (1872–1939) எழுதிய 'வெஸ்டர்ன்' வகைப் புதினம் ஆகும். 1921 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தலைப்பு 'கடைசி மனிதன் வரை' எனப் பொருள்படும். அரிசோனாவின் டொன்டோ பகுதியில் பகை கொண்ட இரு கால்நடைப் பண்ணைக் குடும்பங்களும், அக்குடும்பங்களைச் சேர்ந்த ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் கொள்ளும் காதலும் இதன் கதைப்பொருள். 1880களில் அங்கு உண்மையில் நடந்த பிளெசண்ட் பள்ளத்தாக்குப் போரைத் தழுவி இது எழுதப்பட்டது. அப்போர் பற்றிப் பொதுமக்களிடையே நிலவும் கருத்துகள் பலவும் இப்புதினத்தின் வழியாகவே பரவியவை. எனவே கதை எது, வரலாறு எது என்று பிரித்தறிவது தேவையாகிறது.

கதைச் சுருக்கம்

மாட்டுப் பண்ணையாளரான கேஸ்டன் இஸ்பெல் அழைத்ததன் பேரில் அவருடைய மகன் ஜீன், ஓரிகன் மாநிலத்திலிருந்து டொன்டோவிற்கு வருகிறான். வழியில், காட்டில் தற்செயலாக எலன் ஜோர்த் என்னும் பெண்ணைச் சந்திக்கிறான். ஒருவர் மீது ஒருவர் ஈர்ப்புக் கொண்ட பின்னரே தாங்கள் பகைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது இருவருக்கும் தெரிய வருகிறது. எலனின் தந்தை லீ ஜோர்த் ஆடு வளர்ப்பவர். மேய்ச்சல் நிலம் தொடர்பாக மாட்டுப் பண்ணையாளர்களுடன் மோதுபவர்.

பகையின் வேர் மேய்ச்சலில் இல்லை, டெக்சாசில் நடந்த ஒரு பழைய காதலில் இருக்கிறது. கேஸ்டன் விரும்பிய பெண்ணை, அவர் உள்நாட்டுப் போருக்குச் சென்றிருந்த காலத்தில் ஜோர்த் மணந்து கொண்டார். அந்தப் பெண்ணே எலனின் தாய். எலனோ தன் தந்தையின் வீழ்ச்சிக்கு இஸ்பெல்களே காரணம் என்று நம்பி வளர்ந்தவள். ஆடு வளர்ப்பு என்ற போர்வையில் தன் தந்தையும் அவருடைய கூட்டாளிகளும் கால்நடைத் திருட்டில் ஈடுபடுகின்றனர் என்ற உண்மை அவளுக்குச் சிறிது சிறிதாகவே புலப்படுகிறது. புதினத்தின் வலுவான பகுதி துப்பாக்கிச் சண்டைகள் அல்ல, எலன் இந்த உண்மையை ஏற்க மறுத்துப் பின் ஏற்கும் இடங்களே எனலாம். இரு தந்தையரும் மாண்டு, இரு தரப்பும் ஏறத்தாழ அழிந்த பின், காயமுற்ற ஜீனை எலன் மறைத்து வைத்துக் காக்கிறாள்.

வரலாற்றுப் பின்னணி

பிளெசண்ட் பள்ளத்தாக்குப் போர் கிரகாம், டெவ்க்ஸ்பரி ஆகிய இரு குடும்பங்களுக்கு இடையே நடந்தது. இது 'ஆட்டுக்காரர்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் இடையிலான போர்' என்றே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. ஆடுகள் புல்லை வேர்வரை கரம்பி விடுவதால் அவ்விடத்தில் மாடு மேய இயலாது என்பது மாட்டுப் பண்ணையாளர்களின் குற்றச்சாட்டு. டெவ்க்ஸ்பரிகளின் துணையுடன் டாக்ஸ் சகோதரர்களின் ஆட்டு மந்தைகள் பள்ளத்தாக்கினுள் ஓட்டி வரப்பட்டதும், ஓர் இடையர் கொல்லப்பட்டதும் உண்மையே. ஆனால் அவை நிகழ்ந்தது 1887 இன் தொடக்கத்தில். பகையோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

முதலில் இரு குடும்பத்தாரும் நண்பர்களாகவே இருந்தனர். இருவர் மீதும் ஜேம்ஸ் ஸ்டின்சன் என்னும் பெரும் பண்ணையாளர் மாட்டுத் திருட்டு ஐயம் கொண்டிருந்தார். இந்நிலையில் கிரகாம் சகோதரர்கள் ஸ்டின்சனுடன் இரகசிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்து கொண்டனர். டெவ்க்ஸ்பரிகளுக்கு எதிராகச் சான்று அளித்தால் அவர்களுக்கு மாடுகள் கிடைக்கும் என்பது அதன் சாரம். வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை, நட்பு முறிந்தது. டெவ்க்ஸ்பரி சகோதரர்களின் தாய் அமெரிக்கப் பழங்குடிப் பெண் என்பதால், அவர்கள் மீது அக்கம்பக்கத்தாருக்கு இருந்த இனக் காழ்ப்பும் இப்பகையை வளர்த்தது.

1887 ஆகத்து முதல் செப்டம்பர் வரையிலான காலமே மிகக் கொடியது. செப்டம்பர் 2 அன்று ஜான் டெவ்க்ஸ்பரியும் வில்லியம் ஜேக்கப்சும் டெவ்க்ஸ்பரி வீட்டருகே கொல்லப்பட்டனர். உடல்களைப் பன்றிகள் தின்பதைக் கண்ட ஜானின் மனைவி மேரி ஆன், சுற்றிலும் துப்பாக்கிகள் இருக்க, மண்வெட்டியுடன் தனியே வெளியே வந்து உடல்களை மண்ணிட்டு மூடினார் என்று கூறப்படுகிறது. இச்செய்தி எவ்வளவு உண்மை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதே மாதம் 21 ஆம் நாள் ஷெரீப் வில்லியம் மல்வனனின் படையினர் ஜான் கிரகாமைச் சுட்டுக் கொன்றனர். போர் முழுவதிலும் இறந்தோர் தொகை 20 முதல் 50 வரை எனப் பலவாறாகக் கணக்கிடப்படுகிறது.

எஞ்சியிருந்த டாம் கிரகாம் 1887 இல் ஒரு கிறித்தவப் போதகரின் மகளான ஆன் மெல்டனை மணந்து, பள்ளத்தாக்கை விட்டு நீங்கி, டெம்பி நகரருகே வேளாண்மை செய்து வந்தார். அங்கு 1892 ஆகத்து 2 அன்று தானிய வண்டியை ஓட்டிச் செல்லும்போது சுடப்பட்டார். இறக்கும் முன் எட்வின் டெவ்க்ஸ்பரி, ஜான் ரோட்ஸ் ஆகிய இருவரின் பெயர்களைக் கூறினார். ரோட்ஸ் என்பவர் மேற்கூறிய மேரி ஆனை மறுமணம் செய்து கொண்டவர். ரோட்சின் மீதான விசாரணையின்போது ஆன் கிரகாம் நீதிமன்றத்திலேயே மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் அவரைச் சுட முயன்றார்; துப்பாக்கி வெடிக்கவில்லை. ரோட்ஸ் விடுவிக்கப்பட்டார். எட்வினுக்கு எதிரான முதல் தீர்ப்பு சட்ட நுணுக்கம் ஒன்றால் தள்ளுபடியானது, இரண்டாம் விசாரணையில் நடுவர் குழு உடன்பாட்டை எட்டவில்லை. 1896 இல் வழக்கு கைவிடப்பட்டது. எட்வின் 1904 இல் குளோப் நகரில் இறந்தார்.

கதையும் வரலாறும்

கிரே 1918 முதல் டொன்டோ பகுதிக்குப் பலமுறை சென்று செய்தி திரட்டினார். அப்போது போரில் தொடர்புடையோரும் அவர்தம் பிள்ளைகளும் அங்கு வாழ்ந்து வந்தனர். அயலாரிடம் வாய் திறக்க அவர்கள் விரும்பவில்லை. பேசியோரும் ஒருவர் கூறியதற்கு மாறாகவே மற்றவர் கூறினர். போரின் உண்மைக் காரணம் தமக்குத் தெரியவில்லை என்று முன்னுரையில் கிரேயே ஒப்புக்கொள்கிறார். அந்த வெற்றிடத்தை நிரப்பவே அவர் டெக்சாஸ் காதல் கதையைப் புனைந்தார் எனக் கருத இடமுண்டு.

மண்வெட்டி நிகழ்ச்சி புதினத்தில் சிறு மாற்றத்துடன் இடம்பெறுகிறது. அங்குக் கணவரை இழந்த இரு பெண்கள் வெளியே வருகின்றனர். ஜேக்கப்ஸ் என்ற பெயர்கூட மாற்றப்படவில்லை. பழங்குடிக் குருதியை மட்டும் கிரே இடம் மாற்றிவிட்டார். வரலாற்றில் அது ஆட்டு மந்தைகளுக்குத் துணைநின்ற டெவ்க்ஸ்பரிகளுக்கு உரியது. கதையிலோ மாட்டுப் பண்ணையாளரின் மகனான ஜீனுக்கு உரியதாகிறது. இதனால் ஆட்டுக்காரர்கள் திருடராகவும், மாட்டுக்காரர்கள் பெரும்பாலும் நேர்மையாளராகவும் வாசகர் மனத்தில் பதிகின்றனர். ஸ்டின்சன் ஒப்பந்தம் போன்ற எதுவும் புதினத்தில் இல்லை.

திரைப்படங்கள்

இப்புதினம் இருமுறை திரைப்படமாக்கப்பட்டது. 1923 இல் விக்டர் பிளெமிங் இயக்கிய ஊமைப்படம் முதலாவது. 1933 இல் ஹென்றி ஹாதவே இயக்கத்தில் ராண்டால்ப் ஸ்காட், எஸ்தர் ரால்ஸ்டன் நடித்தது இரண்டாவது. இதில் குடும்பப் பெயர்கள் ஹேடன், கோல்பி என மாற்றப்பட்டன. பகை கென்டக்கியில் தொடங்கி நெவாடாவில் முடிவதாகக் காட்டப்பட்டதால், அரிசோனாப் போருடனான தொடர்பு இப்படத்தில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று.