முகிலும் வலையும்

விண்மீன் திரள்களுக்கு இடையே பரந்துள்ள வாயுவை முதலில் முகில் எனக் கொண்டனர். அச்சொல் பல்லாண்டு ஆராய்ச்சியை ஒரு வழியிலேயே செலுத்தியது.

1965ஆம் ஆண்டில் கன், பீட்டர்சன் என்போர் குவேசார் ஒன்றின் ஒளியை ஆராய்ந்து, அவ்விடைவெளியில் மின்னேற்றம் பெறாத ஹைட்ரஜன் மிக அருகியே உள்ளது எனக் காட்டினர். 1971இல் லிண்ட்ஸ் மற்றொரு குவேசாரின் நிறமாலையில் உறிஞ்சற் கோடுகள் நெருங்கி நிற்றலைக் கண்டார். அத்தொகுதி பின்னர் 'லைமன் ஆல்பாக் காடு' எனப் பெயர் பெற்றது. ஒவ்வொரு கோடும் தனி முகிலொன்றின் தடம் என்னும் கருத்து சார்ஜென்ட் முதலியோரின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையால் வலுப்பெற்றது. முகில் எனின், அது கலையாமற் காப்பது யாது? சூழ்ந்த வெப்ப வாயுவின் அழுத்தமே என்னும் கொள்கையை 1983இல் ஆஸ்ட்ரைக்கரும் இக்கேயுச்சியும் விரித்தனர். கரும்பொருளின் ஈர்ப்பு என 1986இல் ரீஸ் கூறினார். முகில் உண்டா என்னும் முதல் வினா பின்தங்கியது என்றே நாம் கருதுகின்றோம்.

1994இல் சென் தலைமையிலான குழுவினர் பேரண்டத்தின் ஒரு பகுதியை, ஈர்ப்பு விதியும் வாயு இயக்க விதியும் பற்றிக் கணினியில் வளரவிட்டனர். இதுவே பாவனை எனப்படும். அதனூடே செல்லும் ஒளியைக் கணித்தபோது காடு தானே தோன்றியது. தனி முகில்கள் வேண்டப்படவில்லை. தாள்களும் இழைகளுமாய்த் தொடர்ந்து பரந்த வாயுவின் அடர்த்தி வேறுபாடே கோடுகளாயிற்று. அக்குழுவில் ஆஸ்ட்ரைக்கரும் ஒருவர் என்பது கருதத்தக்கது.

ஆயின், ஒரு பாவனைக்கே மீக்கணினி நெடுநேரம் உழைத்தல் வேண்டும். அண்டத்தின் பருப்பொருள் அளவு, வாயுவின் வெப்பம் முதலியவற்றை மாற்றி மாற்றி இலட்சக்கணக்கிற் கணித்தல் இயலாது. ஈண்டு உதவியது பொற்சுரங்கக் கலை. துளையிட்ட சில இடங்களின் பொன்னளவு கொண்டு பிற இடங்களின் அளவை மதிப்பிடும் வழியைத் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் கிரிகே 1951இல் ஆராய்ந்தார். மாத்தரான் அதனைக் கணிதமாக்கினார். 1989இல் சாக்ஸ் முதலியோர் அத்தகைய முறையைக் கணினிச் சோதனைகளுக்குப் பொருத்தினர். தேர்ந்த சில பாவனைகளிலிருந்து எஞ்சியவற்றை மதிப்பிடும் இக்கருவியைப் புள்ளியியற் பதிலி என்போம். 2010இல் ஹைட்மன் குழுவினர் 37 அண்ட மாதிரிகளைக் கொண்டு பருப்பொருட் பரவலுக்கு அத்தகைய பதிலியை அமைத்தனர். 2019இல் காட்டுக்கும் அமைந்தது.

பதிலி தன் விடையோடு ஐயத்தின் அளவையும் உடன் கூறும். சிதைந்த ஏட்டில் சொல்லை ஊகித்து நிரப்பிய பதிப்பாசிரியர் அனைவரும் அவ்வாறு செய்திலர். எனினும், அது பதிலிக்கும் பாவனைக்கும் இடைப்பட்ட ஐயமே; பாவனைக்கும் வானுக்கும் இடைப்பட்டது அன்று. பாவனை விட்டுவிட்ட இயற்பியலைப் பதிலி அறியாது. 2021இல் ராஜர்ஸ், பெய்ரிஸ் இருவரும், கரும்பொருள் மிக இலேசான ஆக்சியான் துகளாயின் அதன் நிறைக்குக் கீழெல்லை வகுத்தனர். அத்துகளின் அலைத்தன்மையும் வாயுவின் வெப்பமும் காட்டின் நுண்மையை ஏறத்தாழ ஒரே வகையில் மழுங்கச் செய்தலின், வெப்ப வரலாற்றையும் உடன்வைத்தே அவர்கள் அவ்வெல்லையை வகுக்க வேண்டியிருந்தது.