இந்திய மாநிலச் சட்டமன்றங்கள்

இந்தியக் கூட்டாட்சியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டம் இயற்றவும், அரசின் வரவு செலவுக்கு ஒப்புதல் தரவும், அமைச்சரவையைக் கேள்வி கேட்கவும் அரசமைப்புச் சட்டம் ஏற்படுத்தியுள்ள அமைப்பே மாநிலச் சட்டமன்றம். அரசமைப்பின் ஆறாம் பகுதியில் உள்ள 168 முதல் 212 வரையிலான உறுப்புகள் இதன் அமைப்பையும் நடைமுறையையும் வகுக்கின்றன. 28 மாநிலங்களிலும் சட்டமன்றங்கள் இயங்குகின்றன; ஒன்றியப் பகுதிகளில் டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் ஆகிய மூன்றுக்கும் தனிச் சட்டங்களின்படி சட்டமன்றம் உண்டு. காவல், நிலம், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, உள்ளாட்சி, மது விற்பனை என அன்றாட வாழ்வைத் தொடும் பல துறைகளின் சட்டங்கள் இந்த அவைகளில் பிறக்கின்றன. இவை நாடாளுமன்றத்தின் கிளைகள் அல்ல; தமக்குரிய அதிகாரத்தை அரசமைப்பிலிருந்தே நேரடியாகப் பெற்றவை. அந்த அதிகாரம் மேலிருந்து ஒன்றியத்தாலும் ஆளுநராலும், உள்ளிருந்து அந்தந்த மாநில அமைச்சரவையாலும் சுருங்கக்கூடியது என்பதை இவற்றின் வரலாறு காட்டுகிறது.

வரலாறு

1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டம், சென்னை, பம்பாய் மாகாண அரசுகளுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. அப்போதைய அவை ஆளுநர் நியமித்த சிலரைக் கொண்ட ஆலோசனைக் குழுவாகவே இருந்தது. வரவு செலவு பற்றிப் பேசவும் கேள்வி கேட்கவும் 1892ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 1919ஆம் ஆண்டின் சட்டம் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை அமைச்சர்களிடம் வந்தன. காவலும் நிலவரியும் ஆளுநரின் கையிலேயே நின்றன. 1920 தேர்தலில் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி வென்று அமைச்சரவை அமைத்தது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தைச் சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் நிறைவேற்றியது. அந்த அவையில் 1920களில் நியமன உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் பொறுப்பேற்ற முத்துலட்சுமி ரெட்டி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராவார்.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி அளித்தது. 1937 தேர்தலுக்குப் பிறகு மாகாண நிர்வாகம் முழுவதும் அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தது. ஆனாலும் சொத்து, வரி, கல்வித் தகுதி உடையவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்து அமைந்த முதல் சட்டமன்றங்கள் 1951-52 பொதுத் தேர்தலில் உருவாயின.

அமைப்பு

சட்டமன்றம் என்பது ஆளுநரும் அவையும் சேர்ந்தது. பெரும்பாலான மாநிலங்களில் சட்டப் பேரவை என்ற ஓர் அவை மட்டுமே உண்டு. உத்தரப் பிரதேசம், பீகார், மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில் சட்ட மேலவையும் இருக்கிறது.

பேரவை உறுப்பினர்கள் தொகுதிவாரியாக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 60க்குக் குறையாமலும் 500க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சிக்கிம் (32), கோவா (40), மிசோரம் (40) போன்ற சிறு மாநிலங்களுக்கு இதில் விலக்கு உண்டு. உத்தரப் பிரதேசப் பேரவையே மிகப் பெரியது. அதில் 403 இடங்கள். தமிழ்நாட்டில் 234. பேரவையின் ஆயுள் ஐந்தாண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் 42ஆவது திருத்தம் இதை ஆறாண்டாக நீட்டியது. 44ஆவது திருத்தம் மீண்டும் ஐந்தாக்கியது. போட்டியிடுபவருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், மேலவைக்கு 30.

மேலவை கலைக்கப்படுவதில்லை. உறுப்பினர் பதவி ஆறாண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி உறுப்பினர்களும், அதே அளவினரைப் பேரவை உறுப்பினர்களும், பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி ஆறில் ஒரு பங்கினரை ஆளுநர் நியமிக்கிறார். சாதாரண மசோதாவை மேலவையால் முதலில் மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றிய பின் ஒரு மாதமும் தாமதப்படுத்த முடியும். தடுத்து நிறுத்த முடியாது.

பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேற்றினால், நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மேலவையை உருவாக்கலாம் அல்லது நீக்கலாம். தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1 அன்று நீங்கியது. அதை மீட்க 2010இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோதும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆந்திர மேலவை 1985இல் நீக்கப்பட்டு 2007இல் திரும்பி வந்தது.

சட்டம் இயற்றும் அதிகாரம்

ஏழாம் அட்டவணை அதிகாரங்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. பொதுப் பட்டியலில் உள்ளவற்றுக்கு இரு தரப்பும் சட்டம் இயற்றலாம். முரண்பாடு எழுந்தால் நாடாளுமன்றச் சட்டமே செல்லும். 1976இன் 42ஆவது திருத்தம் கல்வி, காடுகள், வன விலங்குகள் பாதுகாப்பு, எடையும் அளவும், நீதி நிர்வாகம் ஆகியவற்றை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. கல்வி குறித்த இன்றைய வழக்குகள் பலவற்றின் வேர் இந்த மாற்றத்தில் இருக்கிறது.

முரண்பாட்டிலும் ஒரு வழி திறந்திருக்கிறது. மாநில மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால், அந்த மாநில எல்லைக்குள் அதுவே நிற்கும் என்கிறது உறுப்பு 254(2). சல்லிக்கட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதன் அடிப்படையில் 2014இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 சனவரியில் மெரினாவிலும் மாநிலம் முழுவதும் நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு முதலில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. சனவரி 23 அன்று பேரவை திருத்த மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கிய 1967ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடாளுமன்றத்தின் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த மாற்றமே.

ஆளுநரின் ஒப்புதல்

அவையில் நிறைவேறிய மசோதா ஆளுநரின் கையொப்பத்துக்குப் பின்பே சட்டமாகிறது. அவர் ஒப்புதல் தரலாம், அதை நிறுத்தி வைத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைக்கலாம். உறுப்பு 200 இதற்குக் காலவரம்பு எதையும் சொல்லவில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

2023 நவம்பரில் தமிழ்நாடு ஆளுநர் ஒப்புதல் மறுத்த பத்து மசோதாக்களைப் பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டி, அந்த மாதம் 18ஆம் நாள் மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அவ்வாறு அனுப்பியது செல்லாது என்றது. பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்துக் காலவரம்பும் விதித்தது. அதன்பின் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதி அமர்வு, நீதிமன்றம் காலவரம்பு விதிக்கவோ ஒப்புதல் பெற்றதாகக் கருதவோ முடியாது என்று கூறியது. காரணம் இன்றி நெடுநாள் முடக்கி வைத்தால், முடிவெடுக்குமாறு மட்டும் நீதிமன்றம் பணிக்கலாம் என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் முடிவு, நியமிக்கப்பட்ட ஒருவரிடம் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்ற கேள்விக்கு அரசமைப்பில் இன்னும் எண் எழுதப்படவில்லை.

அவை நடைமுறை

ஆண்டின் முதல் கூட்டம் ஆளுநர் உரையுடன் தொடங்குகிறது. அமைச்சரவை எழுதித் தரும் அந்த உரை மீது நன்றி தெரிவிக்கும் தீர்மானம் விவாதிக்கப்படும். நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்ட பின், துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வரும். எதிர்க்கட்சியினர் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். இறுதியில் நிதி ஒதுக்க மசோதா நிறைவேறினால்தான் அரசு கருவூலத்திலிருந்து பணம் எடுக்க முடியும். அவை நடக்கக் குறைந்தது பத்து உறுப்பினர் அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அத்தனை பேர் இருக்க வேண்டும்.

உறுப்பினர் கையில் உள்ள கூர்மையான கருவி வினா நேரம். ஒரு தொகுதியில் ஆற்றுப் பாலம் எப்போது கட்டப்படும் என்று உறுப்பினர் கேட்கிறார். அமைச்சர் எழுதிவந்த விடையைப் படிக்கிறார். துணை வினா எழுகிறது. "ஆவன செய்யப்படும்" என்று அமைச்சர் சொன்னால் பேச்சு அதோடு முடிவதில்லை. அவையில் அளித்த வாக்குறுதிகள் அவைக்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டு அரசு உறுதிமொழிக் குழுவின் ஆய்வுக்குச் செல்கின்றன. நிறைவேறியதா என்று துறையை அந்தக் குழு கேட்கிறது. தணிக்கை அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. ஆரவாரம் இல்லாத இந்தக் குழுப் பணியில்தான் அவையின் கண்காணிப்பு அதிகம் நடக்கிறது.

பேரவைத் தலைவரும் கட்சித் தாவலும்

1985இல் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணைப்படி, கட்சி மாறுபவரும் கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவரும் பதவி இழக்கலாம். தீர்ப்பளிப்பவர் பேரவைத் தலைவர். அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் என்பதால் நடுநிலை குறித்த ஐயம் ஓயவில்லை. அவர் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என 1992இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இத்தகைய மனுக்களில் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என 2020இல் மணிப்பூர் வழக்கில் கூறியது.

ஆட்சிக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு நிலைநாட்டியது. 1959இல் கேரளத்திலும் 1976இல் தமிழ்நாட்டிலும் நடந்ததுபோல, உறுப்பு 356இன் கீழ் ஆட்சியைக் கலைப்பது அதன்பின் எளிதாக இல்லை.

கூட்டாட்சியில் பங்கு

மாநிலங்களவை உறுப்பினர்களைப் பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அவர்களுக்கு வாக்கு உண்டு. 1971 மக்கள்தொகையின்படி உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்கு மதிப்பு 208, தமிழ்நாட்டில் 176, சிக்கிமில் 7. கூட்டாட்சி அமைப்பைத் தொடும் அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்பு தேவை. சரக்கு மற்றும் சேவை வரிக்கான 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாறே நிறைவேறியது.

ஆனால் ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அதன் சட்டமன்றத்தின் சம்மதம் தேவையில்லை; கருத்துக் கேட்டால் போதும். ஆந்திரப் பிரதேசப் பிரிவினை மசோதாவை அம்மாநிலப் பேரவை 2014 சனவரி 30 அன்று குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. சூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது.

நிறைவேற வேண்டியவை

நாகாலாந்து 1963இல் மாநிலமானது. அதன் பேரவைக்கு முதன்முறையாகப் பெண்கள் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 2023இல். அதே ஆண்டு நிறைவேறிய 106ஆவது திருத்தம் பேரவைகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியது; ஆனால் அதன் நடைமுறையை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் வைத்தது.

இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதைத் தவிர, ஆண்டுக்கு இத்தனை நாள் அவை கூட வேண்டும் என்ற கட்டாயம் அரசமைப்பில் இல்லை. அவை கூடாத காலத்தில் அரசு அவசரச் சட்டத்தை நாடலாம். பீகாரில் 1967க்கும் 1981க்கும் இடையே 256 அவசரச் சட்டங்கள் அவைக்கு வராமலே திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டன. சில 14 ஆண்டுகள் வரை உயிரோடு இருந்தன. 1986இல் உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்தது. அங்கே அவையை ஒதுக்கி வைத்தது ஒன்றியமும் இல்லை, ஆளுநரின் தன்விருப்பமும் இல்லை, மாநில அமைச்சரவையே. மாநில உரிமை கேட்கும் அரசு, தன் சொந்தச் சட்டமன்றத்தைக் கூடுதல் நாள்கள் கூட்டவும், மசோதாக்களை அவசரமின்றி விவாதிக்கவும், வினாக்களுக்கு முழு விடை தரவும் கடமைப்பட்டிருக்கிறது. இதற்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை.