பந்து உருண்ட தேசம் – 14: புனேயில் நடந்த சென்னை ஆட்டம்

சென்ற இதழில் உங்களை கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். 2015 டிசம்பர் 20, ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதியாட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா இரண்டாவது கோலைப் போட்டு 2–1 என்று முந்திவிட்டது. உள்ளூர்க் கூட்டம் கோப்பையே வந்துவிட்டதுபோல ஆடுகிறது. அதற்கடுத்த ஐந்து நிமிடக் கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லலாம். ஆனால் சென்னை அணி அந்த மைதானத்துக்கு வந்து சேர்ந்தது புனே வழியாக. சென்னை அணிக்குப் புனேயில் என்ன வேலை என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஐ.எஸ்.எல். இரண்டாம் ஆண்டு அட்டவணையைப் போட்டவர் யாரென்று தெரியாது. அவர் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அக்டோபர் 3ஆம் தேதி சென்னையில் தொடக்க ஆட்டம், டிசம்பர் 20 இறுதி. அதாவது வடகிழக்குப் பருவமழை எந்த மூன்று மாதம் பெய்யுமோ, சரியாக அந்த மூன்று மாதம். உத்திரமேரூர்ப் பக்கத்துத் திருப்புலிவனத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போகும் பையனைக் கேட்டிருந்தால்கூட வேண்டாம் என்று சொல்லியிருப்பான். ஏரி உள்வாயில் கோடையில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஐப்பசி பிறந்ததும் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுவார்கள். அதற்கு யாரும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதில்லை.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. நேரு விளையாட்டரங்கில் மும்பை சிட்டியுடன் ஆட்டம். நவம்பர் முழுவதும் ஊறிக் கிடந்த சென்னை மேல் அன்று வானம் மறுபடி பொத்துக்கொண்டது. ஆட்டம் நடந்தது. சென்னை 3–0 என்று வென்றது. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றுக்குத் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தூங்கப் போனவர்கள் நள்ளிரவில் மாடிக்கு ஓடினார்கள். விமான நிலையம் மூடப்பட்டது, பல நாள் திறக்கவில்லை. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ், ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமல், தன் வரலாற்றில் முதல்முறையாக டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை.

அந்தச் செவ்வாய் ஆட்டத்தை நடத்தியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. ‘ராத்திரி இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்’ என்பார்கள். வானிலை மையம் கன மழை என்று சொல்லித்தான் வந்தது, பள்ளிகளுக்கு விடுமுறையும் விட்டாயிற்று. குழந்தை பள்ளிக்கூடம் போகக் கூடாத நாளில் அப்பா ஆட்டம் பார்க்கப் போகலாம் என்றால் அது என்ன கணக்கு?

ஆனால் அந்த அணி அப்போது இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். பாதித் தொடரில் பட்டியலின் அடியில் கிடந்து, பயிற்சியாளர் மாத்தராட்சி (ஜிடேனிடம் முட்டு வாங்கிய அதே ஆள்தான்) பெட்டியைக் கட்டிவிடுவார் என்று எல்லோரும் பேசிய பிறகு எழுந்த அணி அது. எழுப்பியவர் ஸ்டீவன் மெண்டோசா. இந்தக் கொலம்பியாக்காரர் மேல் எனக்கு ஒரு பைத்தியம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2014இல் வந்து மின்னிவிட்டு பிரேசிலின் கொரிந்தியன்ஸுக்குப் போனவர், அடுத்த ஆண்டே இரவலாகத் திரும்பி வந்தார். ஆள் உயரமில்லை. ஆனால் பந்தை இரண்டு தப்படி முன்னால் தள்ளிவிட்டு அவர் ஓட ஆரம்பித்தால் தடுப்பாட்டக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் முதுகு எண்தான் தெரியும். அக்டோபரில் இதே ஃபதோர்டாவில் கோவாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு 4–0 என்று வென்று கொடுத்திருந்தார். தொடர் முழுவதற்கும் 13 கோல், தங்கக் காலணி. இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் ஓய்வூதியம் வாங்க வந்தவர்கள். மெண்டோசா பசியோடு வந்தவர். பெரிய பெயர்களுக்குக் கொடுத்த காசில் கால்வாசியை இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்திருந்தால் ஐ.எஸ்.எல். இன்னும் நன்றாக வளர்ந்திருக்கும். அந்தச் சண்டை வேறொரு வாரத்துக்கு.

லீக்கில் மூன்றாம் இடம். அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் அட்லெடிகோ டி கொல்கத்தா. முதல் சுற்று டிசம்பர் 12, சென்னையில் நடக்க வேண்டியது. நகரம் அப்போது எப்படி இருந்தது? மைதானத்துப் புல் ஒருவேளை காய்ந்திருக்கும். கேள்வி புல்லைப் பற்றியதே இல்லை. ஒரு பெரிய ஆட்டம் என்றால் நூற்றுக்கணக்கில் காவலர் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், தீயணைப்பு வண்டி வேண்டும், மைதான விளக்குகளுக்கு மின்சாரம் வேண்டும், கூட்டத்தைக் கொண்டுவந்து கொண்டுவிட பஸ் வேண்டும். அந்த வாரம் இவை அத்தனைக்கும் வெள்ளம் புகுந்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வேலை இருந்தது. பதினோரு பேர் பந்து உதைப்பதற்காக அங்கிருந்து ஒரே ஒரு ஆம்புலன்ஸை இழுத்தாலும் தப்பு. ஆட்டத்தைப் புனேயின் பாலேவாடி மைதானத்துக்கு மாற்றினார்கள். மாற்றியது சரி.

சொந்த ஊர் ஆட்டம், சொந்த ஊர்க் கூட்டம் இல்லாமல். ஆனால் என்ன ஆட்டம்! முதல் பாதியில் புருனோ பெலிசாரி ஃப்ரீகிக்கில் ஒன்று. இடைவேளைக்குப் பின் மிசோரம் பையன் ஜெஜெ ஒன்று. மூன்றாவது, கேட்கவே வேண்டாம், மெண்டோசா. 3–0. நான்கு நாள் கழித்து சால்ட் லேக்கில் கொல்கத்தா 2–1 என்று வென்றும் பயனில்லை. அந்த ஆட்டத்தில் சென்னைக்காகக் கோல் போட்டவர் ஃபிக்ரு, முந்தின ஆண்டு கொல்கத்தாவுக்கு ஆடியவர். கால்பந்தில் இப்படிப்பட்ட பழிவாங்கல் அடிக்கடி கிடைப்பதில்லை.

இங்கே ஒன்று. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் சூடாக இருந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸின் ஆட்டங்களும் இதே புனேக்குத்தான் போயின. அந்த ஆண்டும் கோப்பை சென்னைக்கு. தண்ணீர் மிஞ்சினாலும் புனே, தண்ணீர் கேட்டாலும் புனே. ஜோசியம் பார்க்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மாற்றியது சரி என்றேன். ஆனால் யார் மாற்றியது? 1ஆம் தேதி நடத்தலாம் என்று சொன்னது யார்? அறிக்கை வந்தது, பெயர் வரவில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் நான் உட்கார்ந்து எழுதும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இதற்கு நேரெதிரான ஒரு ஏற்பாடு கல்லில் வெட்டிக் கிடக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலை, தேர்தல், ஜனநாயகம் என்று மேடையில் முழங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலாம் பராந்தகச் சோழனின் காலம், 919இல் ஒன்று, 921இல் திருத்தம் ஒன்று. 30 குடும்பு, சின்னப் பையன் கையால் ஓலை எடுப்பது, எல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். நான் சொல்ல வருவது ஏரியைக் காத்த குழுவான ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள், அவ்வளவுதான் பதவி. வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்த பிராமணர்களுக்கு மட்டுமே அந்த ஊர்ச் சபை என்பதையும் மறைக்கக் கூடாது, அதை இன்றைய ஜனநாயகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு விதி இருக்கிறது, அதற்காக மட்டும் கல்வெட்டு இருக்கும் மண்டபத்துச் சுவருக்கு ஒரு கும்பிடு போடலாம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் மகன், தகப்பன், தம்பி, மாமன், மருமகன், மைத்துனன் என்று ஒரு நீளப் பட்டியலே வர முடியாது! ஏரிக்குப் பொறுப்பு என்றால் வீடே பொறுப்பு.

அவர்கள் காத்தது சாதாரண ஏரியா? வயிரமேக தடாகம், பல்லவர் காலத்தது. தூர் வாருவதற்கு ஓடம் விட்டு, அந்த ஓடத்துக்கென்று தனியாகப் பொன் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏரி நிறைந்த பிறகு மண்ணை அள்ள யோசிப்பது நம் வழக்கம். நிறைந்த ஏரியிலும் ஓடத்தில் போய் வண்டல் அள்ளியது அவர்கள் வழக்கம். இன்றும் செய்யாற்றில் அனுமன்தண்டலம் அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரில்தான் அந்த ஏரி நிறைகிறது. கரையில் நின்று பார்த்தால் அக்கரை லேசில் தெரியாது.

செம்பரம்பாக்கமும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிதான். 2015 பற்றி 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று எழுதிற்று. எந்த மனிதர்? உத்திரமேரூர் வாரியத்தில் ஆறு பேர் யாரென்று ஊருக்கே தெரியும். இங்கே மதகைத் திறக்கச் சொன்னவரும் தெரியாது, ஆட்டத்தை நடத்தச் சொன்னவரும் தெரியாது.

வெள்ளத்தால் ஆட்டத்தை இடம் மாற்றும் பாடு வெளியூரிலும் உண்டு. அதே 2015 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் வெள்ளம். கொலம்பியா நகரத்துப் பல்கலைக்கழகம் தன் ஊரில் நடக்க வேண்டிய ஆட்டத்தை எதிரணியின் ஊரான பேட்டன் ரூஜுக்கே கொண்டுபோய் ஆடியது. (அவர்கள் கால்பந்து என்பது கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. இருக்கட்டும்.) அங்கே எதிரணியின் வாத்தியக் குழுவே வந்தவர்களின் கல்லூரிப் பாட்டை வாசித்து வரவேற்றது. தோற்றுப் போனாலும் மரியாதையோடு திரும்பினார்கள். நமக்கு 2016இல் சேப்பாக்கம். வர்தா புயல் டிசம்பர் 12இல் அடித்தது, 16ஆம் தேதி இங்கிலாந்துடன் டெஸ்ட். தட்டில் நெருப்புக் கங்கு வைத்து ஆடுகளத்தைக் காயவைத்தார்கள். கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 அடித்தார், வரலாறு. வெளியே தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்ததை அந்த 303 மறக்கடித்துவிட்டது. 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் டிசம்பர் 9, 10 தேதிகளுக்குக் குறித்திருந்த கார்ப் பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள், அடுத்த ஆகஸ்ட் கடைசியில்தான் ஓடியது. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எங்கள் ஊர் அரசுக் கல்லூரிப் பையன்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. மழை பலமாக அடித்தால் மாணவர்களில் பாதிப்பேர் வந்து சேர பஸ் இருக்காது. ஆட்டம் தானாக நின்றுபோகும். யாரிடமும் கேட்க வேண்டாம்.

ஆசிரியர் கொடுத்த பக்கம் தீர்ந்தது. ஃபதோர்டாவின் அந்த ஐந்து நிமிடம் அடுத்த வாரம். முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான், சென்னை 3–2, கடைசி கோல் மெண்டோசா. கோப்பையை வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட சென்னை மக்களுக்குக் காணிக்கை என்றார்கள். அதற்குள் ஒரு வேண்டுகோள். 2015 டிசம்பர் 1 சாயங்காலம் நேரு அரங்கில் அந்த மழையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் கட்டாயம் இருப்பீர்கள். எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தீர்கள், எந்த வழியாகப் போனீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.