கொள்ளுத்தாத்தா போடாத பூட்ஸ்

செமஸ்டர், அசைன்மென்ட், மிட்டெர்ம்னு ஓடிக்கிட்டிருந்ததுல இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் பத்தின பதிவு. "இதுக்கெல்லாமா ஒரு பதிவு?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் வாங்க :-)

நான் இருக்கிறது பேர்லேண்ட்ல. ஹூஸ்டனுக்குத் தெற்கால, மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்குச் சட்டுன்னு புரியும். இங்க மண்ணு நம்ம கரிசல் மாதிரி களிமண். மழை பேஞ்சா கால்ல அப்பிக்கிட்டு விடாது. 'கம்போ'ன்னு செல்லமா ஒரு பேரும் வெச்சிருக்காங்க. நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு அங்கிள், பின்பக்கம் புல் வெட்டுறது, வாய்க்கால்ல அடைச்ச இலை தழையை அள்ளுறதுன்னு சின்னச் சின்ன வேலை குடுத்து வாடகையில கொஞ்சம் குறைச்சுக்குவார். ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் ஷூவோட இறங்கினேன். ஷூ போச்சு. கூடவே தீயெறும்பு வேற. அமெரிக்காவுக்குத் தென்னமெரிக்காவுலேர்ந்து 1930கள்ல கப்பல்ல வந்து இறங்கின எறும்பாம். கடிச்சா கொப்புளம் ஒரு வாரத்துக்குப் போகாது.

அதே சமயத்துல லேப்ல கூட வேலை பாக்கிற டெக்ஸாஸ் பையன் ஒருத்தன், குளிர்காலத்துல வாத்து வேட்டைக்கு வர்றியான்னு கூப்பிட்டான். (பதறாதீங்க, நான் துப்பாக்கியைத் தொடவே இல்ல. தண்ணியில மிதக்க விடுற பொம்மை வாத்து மூட்டையைச் சுமக்கறதுதான் என் வேலை.) "நல்ல ரப்பர் பூட்ஸ் இல்லாம வராதே"ன்னு கண்டிஷன் போட்டுட்டான். அப்படித்தான் கடைக்குப் போனேன்.

அங்க ஒரு சுவர் முழுக்க பூட்ஸ். முதல் தடவை ஸ்டைலா ஒண்ணை எடுத்துட்டு வந்து ரெண்டே மணி நேரத்துல குதிகால்ல தோல் உரிஞ்சுடுச்சு. அந்தப் பாடத்துல கத்துக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்லிடறேன். சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்க, பகல் பூரா நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எந்த சாக்ஸோட போடப் போறீங்களோ அதையே மாட்டிக்கிட்டுப் போங்க. நடக்கும்போது குதிகால் லேசா எழும்பலாம், லொட லொடன்னு ஆடக்கூடாது. கெண்டைக்கால் சுத்தளவும் முக்கியம், அங்க பிடிச்சா கழட்டவே ரெண்டு ஆள் வேணும். உள்ள நியோப்ரீன் வெச்சது குளிருக்கு நல்லா இருக்கும், ஆனா டெக்ஸாஸ் ஜூலைல கால் வெந்துடும். அடிப்பாகத்துல ஆழமான பல் இருந்தா வழுக்காதுதான், ஆனா களிமண்ணு அதுலயே அப்பிக்கிட்டு ஒவ்வொரு காலும் ரெண்டு கிலோ கனக்கும். கடைசியா, வெயில்லயும் பெட்ரோல் பக்கத்துலயும் வெக்காதீங்க, ரப்பர் செத்துடும். மேல வெள்ளையா பூத்தா பயப்பட வேணாம், அது இயற்கை ரப்பரோட குணம். துணியால தொடைச்சா போயிடும்.

பூட்ஸை வாங்கிட்டு வந்து அறையில வெச்சப்ப அந்த ரப்பர் வாசனை வந்துச்சு பாருங்க, அங்கதான் கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சுது. "இது எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு தேடப் போய் நாலு நாள் தூக்கம் போச்சு.

அமேசான் காட்டுல இருந்த மக்கள் இதை எல்லாருக்கும் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க. மரத்துப் பாலை அச்சுல பூசி, புகையில காட்டி, திரும்பத் திரும்பப் பூசிச் செருப்பு செஞ்சிருக்காங்க. 1820கள்ல அந்தச் செருப்பு பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்து சக்கைப்போடு போட்டிருக்கு. ஆனா வெயில் காலத்துல உருகி நாறும், பனிக்காலத்துல கல்லாட்டம் விறைச்சு வெடிக்கும். ரப்பர் கம்பெனிங்க வரிசையா மூழ்கிச்சு.

சார்லஸ் குட்இயர்னு ஒருத்தர் இதைச் சரி பண்ணியே தீருவேன்னு கிளம்பினார். கடனுக்காக ஜெயிலுக்கே போனவர். 1839ல மாசசூசெட்ஸ்ல கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்புல பட்டு, உருகாம தோல் மாதிரி ஆனதைப் பார்த்தார். 1844ல காப்புரிமை. அதைத் திருடறாங்கன்னு பெரிய வழக்கு ஒண்ணு நடந்துச்சு, எங்க தெரியுமா? நம்ம மக்கள் இன்னிக்கு மொய்க்கிற நியூ ஜெர்சியில, ட்ரென்டன்ல, 1852ல. குட்இயர் பக்கம் வாதாடினவர் அப்போ அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த டேனியல் வெப்ஸ்டர். வழக்குல ஜெயிச்சும், 1860ல கடனோடதான் செத்தார் மனுசன். டயர் கம்பெனிக்கு அவர் பேரை வெச்சது 1898ல. அவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!

அவர் முறையை வாங்கிக்கிட்டு ரெண்டு அமெரிக்கர்கள் கடல் தாண்டினாங்க. ஹைரம் ஹட்சின்சன் 1853ல பிரான்ஸ் போய், மரக்கட்டைச் செருப்பு போட்டு வயல்ல உழைச்ச விவசாயிகளுக்கு ரப்பர் பூட்ஸ் செஞ்சு வித்தார். ஹென்றி லீ நோரிஸ் 1856ல ஸ்காட்லாந்து போய் எடின்பரோவுல ஃபேக்டரி போட்டார்.

இங்கிலீஷ்காரங்க இந்த பூட்ஸை 'வெல்லிங்டன்'னு கூப்பிடறதுக்குக் காரணம் வாட்டர்லூவுல நெப்போலியனை ஜெயிச்ச பிரபு. அவர் போட்டது தோல் பூட்ஸ்தான், லண்டன்ல ஹோபின்னு ஒரு செருப்புக்காரர் அவருக்காக மாத்தித் தெச்சுக் குடுத்தது. பேரு மட்டும் ரப்பருக்கு வந்து ஒட்டிக்கிச்சு. அந்த வெல்லிங்டன், ஆர்தர் வெல்லெஸ்லியா இருந்தப்ப 1798ல சென்னைக்கு வந்து இறங்கி, 1799ல திப்புவுக்கு எதிரா ஸ்ரீரங்கப்பட்டணம் போனவர். குன்னூர் பக்கத்துல இருக்கிற வெல்லிங்டன் கண்டோன்மென்ட்டும் அவர் பேர்தான். ஆக பூட்ஸோட பேரும் நம்ம ஊர்ப்பக்கம் நடந்துட்டுதான் போயிருக்கு.

1914ல முதல் உலகப்போர். பதுங்குகுழியில முழங்கால் தண்ணியில வாரக்கணக்கா நின்ன சிப்பாய்களுக்குக் கால் வெளுத்து, வீங்கி, அழுகிச்சு. 'ட்ரெஞ்ச் ஃபுட்'னு பேரு. எனக்கு அதைப் படிச்ச உடனே நடவு சமயத்துல அம்மா விரலிடுக்குல மருதாணி அரைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுதான் ஞாபகம் வந்துச்சு. டாக்டர்கிட்ட கேட்டா ரெண்டும் வேற வேற வியாதிம்பார். ஆனா நாள் பூரா ஈரத்துல ஊறின கால்தான் ரெண்டுக்கும் ஆரம்பம். சேத்துப்புண்ணுக்காக எந்த சர்க்காரும் ஃபேக்டரியை ராப்பகலா ஓட்டினதில்ல. சிப்பாய்களுக்கு ஓட்டினாங்க. அந்த எடின்பரோ கம்பெனி மட்டும் சுமார் 11.85 லட்சம் ஜோடி பூட்ஸ் செஞ்சு குடுத்திருக்கு.

சரி, அவ்வளவு ரப்பர் எங்கேர்ந்து வந்துச்சு? இங்கதான் எங்க வீட்டுக் கதை ஆரம்பம்.

1876ல ஹென்றி விக்கம்ங்கிறவர் அமேசான்லேர்ந்து 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். முளைச்சது ரெண்டாயிரத்துச் சொச்சம். அதுல பெரும்பகுதி சிலோனுக்குப் போச்சு. 1877ல 22 கன்னு சிங்கப்பூருக்கு. அங்க தாவரத் தோட்டத்துல இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாம பட்டையை மட்டும் மெலிசா சீவிப் பால் எடுக்கிற வழியைக் காட்டினார். கார் வந்துச்சு, டயர் வந்துச்சு, மலாயா காடு பூரா ரப்பர் ஆச்சு. சீவறதுக்கு ஆள்? தஞ்சாவூர், திருச்சி, சேலம்னு கங்காணி மூலமா நம்ம ஜனங்க.

என் கொள்ளுத்தாத்தா 1937ல கப்பலேறினவர். அடுத்த வருசமே, 1938ல, இந்திய சர்க்கார் கூலி வேலைக்கு ஆள் அனுப்பறதை நிறுத்திடுச்சு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல நின்னு பேர் குடுத்துட்டு, குளிர் இருக்கும்போதே மரம் சீவணும். வெயில் ஏறினா பால் நின்னுடும். அட்டை, பாம்பு, ஈர மண்ணு எல்லாத்துலயும் வெறுங்கால். அவர் சீவின பால் உலகத்துல யாரோ ஒருத்தர் காலைக் காப்பாத்தியிருக்கும், இவர் காலைக் காப்பாத்தல. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். 1942-43ல சயாம் மரண ரயில் போடத் தோட்டத்துலேர்ந்து பிடிச்சுட்டுப் போன பல்லாயிரம் தமிழர்கள்ல இவரும் ஒருத்தர். உயிரோட திரும்பி, யுத்தம் முடிஞ்ச பிறகு நாகப்பட்டினத்துல வந்து இறங்கினார். கணுக்காலுக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்குமாம். அப்பா சின்னப்பையனா அதைத் தொட்டுப் பார்த்திருக்கார். "மூங்கில் கிழிச்சுது, புண்ணு ஆறல"ன்னு மட்டும் சொல்லுவாராம். வேற பேச மாட்டாராம்.

இன்னொரு கால் கதையும் இருக்கு. ஆறு வருசத்துக்கு முன்னாடி ராத்திரி மடை திருப்பப் போன சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் பிடிச்சுடுச்சு. பாதத்துல. பிழைச்சுட்டார், ஆனா கிட்னிக்கு டயாலிசிஸ், பாதத்துல சதை போய் இன்னிக்கும் விந்தி நடக்கிறார். 2020ல வந்த ஒரு ஆய்வுல, 2000லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம்னு கணக்குப் போட்டிருக்காங்க. வருசத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமம், மழைக்காலம், கடி விழறது கால்ல. ரப்பர் பூட்ஸ் முழுக் காப்புன்னு சொல்ல முடியாது, மெலிசான ரப்பரைப் பல் துளைக்கலாம். ஆனா வெறுங்காலுக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

அதனால போன தடவை ஊருக்குப் போனப்ப தஞ்சாவூர்ல ஒரு ஹார்டுவேர் கடையில அப்பாவுக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் வாங்கினேன். நமக்குத்தான் பூட்ஸ் தேர்ந்தெடுக்கிறதுல டாக்டரேட் ஆச்சே! சைஸ், சாக்ஸ், கெண்டைக்கால் சுத்தளவு எல்லாம் பார்த்தேன். மறுநாள் அப்பா நடவு வயல்ல இறங்கினார். நாலாவது அடியில வலது பூட்ஸ் சேத்துல நின்னுடுச்சு, கால் மட்டும் வெளிய வந்துச்சு. நடவு நட்ட பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே!

"தம்பி, இது சேத்துக்கு ஆவாதுப்பா. சேறு கவ்வுது பாரு. காத்து புகுந்தாதானே விடும்."

நான் அத்தனை படிச்சும் யோசிக்காத விஷயம். என் பூட்ஸ் குளத்தங்கரைக்கும் புல்தரைக்கும் செஞ்சது. உழுத வயலுக்கு இல்ல. திரும்பி வந்து தேடினா, ஜப்பான்காரங்க இதுக்கு வழி பண்ணியிருக்காங்க. மெலிசான ரப்பர்ல, காலோட ஒட்டிக்கிட்டு, கணுக்கால்ல வார் போட்டு இறுக்குற நடவு பூட்ஸ். டயர் கம்பெனி பிரிட்ஜ்ஸ்டோனை 1931ல ஆரம்பிச்ச இஷிபாஷி, அதுக்கு முன்னாடி 1923ல உழைக்கிற ஜனங்களோட துணிச் செருப்புக்கு ரப்பர் அடி வெச்சு வித்தவர்தான். நம்ம பேர்லேண்டுக்குப் பக்கத்துல வெப்ஸ்டர்ல கூட 1904ல சைபரான்னு ஒரு ஜப்பானியர் விதைநெல் கொண்டு வந்து விவசாயம் பண்ணியிருக்கார். நெல்லு வெளையற நாடு தன் சேத்துக்கு ஏத்த மாதிரி பூட்ஸ் செஞ்சுக்கிச்சு. நம்ம ஊர்ல ஏன் யாரும் செய்யல? செருப்புப் போட்டு ஊர்த்தெருவுல நடக்கவே சில சாதிக்காரங்களை விடாத ஊர் நம்மது. வயல்ல குனிஞ்சு நிக்கறவங்க காலைப் பத்தி யார் யோசிச்சிருப்பாங்க?

போன வாரம் அப்பாகிட்ட பேசும்போது, "அந்த பூட்ஸைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஏம்ப்பா தூக்கிப் போடணும்? ராத்திரி வரப்புல தண்ணி பாக்கப் போறப்ப அதான் போட்டுக்கிறேன். வரப்பு காய்ஞ்சுதானே கெடக்கு, அங்கதானே பாம்பு. உன் சித்தப்பனும் ஒரு ஜோடி கேக்குறான். இடது கால் மட்டும் பெருசா வேணுமாம். அப்படித் தனித்தனியா விப்பாங்களா?"

விக்க மாட்டாங்க. ரெண்டு சைஸ்ல ரெண்டு ஜோடி வாங்கணும். அடுத்த விடுமுறைக்குள்ள சித்தப்பாவோட ரெண்டு பாதத்தையும் பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன்.

காலோட ஒட்டற அந்த நடவு பூட்ஸ் மாதிரி நம்ம ஊர்ல எங்கயாவது கிடைக்குதா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. நடவு தொடங்க இன்னும் நாள் இருக்கு.