இங்கிலாந்துப் பாராளுமன்ற அங்கத்தவரின் வழிச்செலவு

இங்கிலாந்தின் பொதுமக்கள் சபையினர் தம் பணிக்குப் பணம் பெறுதல் அண்மையில் தோன்றிய வழக்கமன்று. பதினான்காம் நூற்றாண்டிலேயே நாட்டுப்புறக் கோட்டங்களின் சார்பில் வந்த நைற்று என்னும் பெருமக்களுக்கு நாளொன்றுக்கு 4 சிலிங்கும், நகரப் பிரதிநிதிகளுக்கு 2 சிலிங்கும் என்னும் அளவு நிலைபெற்றது. சபையில் இருந்த நாட்களோடு போக்குவரவில் கழிந்த நாட்களும் கணக்கிடப்பட்டன. குதிரைமேற் பலநாள் வரவேண்டியிருந்த வடபகுதியார்க்கு இது சிறு சலுகையன்று. ஆயின், அப்பணம் அரசனின் திறைசேரியிலிருந்து வந்ததில்லை. கூட்டம் கலையும்போது வழங்கப்பட்ட அரச கட்டளையைக் காட்டி, தம்மைத் தெரிந்தனுப்பிய ஊராரிடமே அவர்கள் அதனைப் பெறவேண்டும்.

இதனாற் பிரதிநிதித்துவத்தை உரிமையெனக் கொள்ளாது சுமையெனக் கருதிய நகரங்களும் உளவாயின. டெவன் பகுதியிலுள்ள தொரிங்ரன் நகரத்தார் 1368 இல் மூன்றாம் எட்வேட் மன்னனிடம் அங்கத்தவரை அனுப்பும் கடமையினின்றே விடுதலை பெற்றனர். வேறு நகரத்தார், ஊதியம் வேண்டேம் என உறுதிகூறிய செல்வரைத் தெரிந்தனர். அவர்கள் அதனைச் சிக்கனமென்றே எண்ணியிருப்பர். ஆசனமோ மெல்லமெல்லச் செல்வர் கைப்பட்டது.

மறைந்துகொண்டிருந்த பழைய வழக்கத்தின் நற்பயனைக் கவிஞர் அன்ரூ மாவெலின் வாழ்விற் காணலாம். 1678 இல் இறக்கும்வரை ஹல் நகரின் அங்கத்தவராயிருந்த அவருக்கு நகரத்தார் நாளொன்றுக்கு 6 சிலிங் 8 பென்சு கொடுத்தனர். அவரோ சபையின் நடவடிக்கைகளைக் கடிதம் கடிதமாக அவர்களுக்கு எழுதியனுப்பினார். கூலி கொடுத்தவர்க்குக் கணக்குச் சொல்லுதல் அங்கே இயல்பாயிருந்தது.

பின்னர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஊதியமில்லை. அதனைச் சாசன இயக்கத்தார் 1838 இற் கோரிய ஆறு உரிமைகளுள் ஒன்றாக வைத்தனர். தொழிற்சங்கங்கள் தம் நிதியை அரசியலுக்குச் செலவிடலாகாது என 1909 இல் எழுந்த தீர்ப்பு, அந்நிதியை நம்பியிருந்த தொழிலாளர் பிரதிநிதிகளை நெருக்கியது. 1911 இலேயே ஆண்டொன்றுக்கு 400 பவுண் ஊதியம் விதிக்கப்பட்டது. 1924 இற் தொகுதிக்கும் இலண்டனுக்குமிடையே இலவசப் புகையிரதப் பயணமும் கிடைத்தது. ஏழையும் சபையிலிருக்க வழி பிறந்தது. ஆயினும் கொடுப்பது திறைசேரியானமையால், தெரிந்தனுப்பியோர் கணக்கைக் காணாதவராயினர்.

செலவு விபரங்களை வெளியிடாதிருக்க வழக்காடிய சபை 2008 இல் உயர்நீதிமன்றத்திலே தோற்றது. மறு ஆண்டு மே மாதத்தில் அவை பத்திரிகையொன்றில் வெளிவரவே, இரண்டாம் வீட்டின் பேரிற் பெறப்பட்ட படிகளைக் கண்டு நாடு கொதித்தது. சபாநாயகர் மைக்கல் மாட்டின் பதவி துறந்தார்; பொய்க்கணக்குக் காட்டிய சிலர் சிறை சென்றனர். 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சுதந்திரமான அதிகாரசபையே இப்பொழுது படிகளை வழங்குகின்றது. அங்கத்தவர் ஒருவரின் புகையிரதச் சீட்டுக் கட்டணத்தையும் தொகுதியார் இணையத்திற் பார்க்கலாம்.